நூலகத்தில் கேட்ட ஒரு கேள்வி

1933 மார்ச் 31, வெள்ளிக்கிழமை. பெர்லின் உயர் நீதிமன்றத்தின் நூலகத்தில் 25 வயது இளைஞன் ஒருவன் வழக்குக் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சட்டப் பயிற்சியில் இருப்பவன். வெளியே தாழ்வாரத்தில் பூட்ஸ் சத்தம், கதவுகள் அறைபடும் சத்தம். உள்ளே யாரும் பேசவில்லை. யூத வழக்கறிஞர்கள் சிலர் சத்தமில்லாமல் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். யூதர்களை வெளியேற்றுகிறார்கள் என்று யாரோ சொல்ல, இரண்டு மூன்று பேர் சிரிக்கிறார்கள். பிறகு பழுப்புச் சட்டைக்காரர்கள் உள்ளே வருகிறார்கள். ஒருவன் இந்த இளைஞனின் மேசைக்கு முன்னால் வந்து நின்று, நீங்கள் ஆரியரா என்று கேட்கிறான். யோசிப்பதற்கு முன்பே இளைஞனின் வாய் ஆமாம் என்று சொல்லிவிடுகிறது.

சொன்னது பொய் இல்லை. அந்தக் கணக்கில் அவன் 'ஆரியன்'தான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதே தோல்வி என்பது ஒரு நொடி கழித்து உறைக்கிறது. வேலையை நிம்மதியாகத் தொடர வேண்டும் என்பதற்காக, கேட்க உரிமையே இல்லாத ஒருவனிடம் தன்னைப் பற்றிய சான்றிதழை நீட்டிவிட்டான். அவன் காதலி யூதப் பெண் என்பதை நினைத்தால் இது இன்னும் கசக்கும்.

செபாஸ்டியன் ஹாஃப்னர் எழுதிய நினைவுக்குறிப்பில் வருகிற காட்சி இது. ஜெர்மனில் 'ஒரு ஜெர்மானியனின் கதை' என்ற பொருளில் தலைப்பு. ஆங்கிலத்தில் 'டிஃபையிங் ஹிட்லர்' என்று வந்தது. மூன்றாவது தடவையாகப் படித்து முடித்தேன். முதல் இரண்டு தடவையும் சொக்கிப்போய்ப் படித்தேன். இந்த முறை ஒவ்வொரு அத்தியாயத்திலும் சண்டை போட்டுக்கொண்டே படித்தேன். அந்தச் சண்டைதான் இந்தக் குறிப்பு.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். ஹாஃப்னரின் உண்மையான பெயர் ரைமுண்ட் பிரெட்ஸெல். 1907-இல் பெர்லினில் பிறந்தவர். அப்பா பிரஷ்ய அரசில் கல்வித்துறை அதிகாரி, பழைய மாதிரியான தாராளவாதி. 1938-இல் இங்கிலாந்துக்குப் போன மகன், அங்கே 1939-இல் இதை எழுத ஆரம்பித்தார். போர் வந்ததும் இதைப் பாதியில் வைத்துவிட்டு, உடனடியாகப் பயன்படும் என்று 'ஜெர்மனி: ஜெக்கில் அண்ட் ஹைட்' என்ற புத்தகத்தை எழுதினார். ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு ஆபத்து வரக்கூடாது என்று புனைபெயர்: செபாஸ்டியன், பாஹின் பெயரிலிருந்து, ஹாஃப்னர், மொஸார்ட்டின் சிம்பொனியிலிருந்து. பின்னாளில் ஜெர்மனி திரும்பி, பெயர் பெற்ற பத்திரிகையாளராகவும் வரலாற்று எழுத்தாளராகவும் இருந்து 1999-இல் இறந்தார். கைப்பிரதி அறுபது வருஷம் தூங்கி, 2000-இல் மகனின் முயற்சியில் அச்சானது. இவ்வளவு துல்லியமாக 1939-லேயே எழுதியிருக்க முடியாது, பிறகு திருத்தியிருப்பார் என்று சந்தேகம் கிளம்பியது. ஜெர்மன் குற்றப் புலனாய்வுத் துறை கைப்பிரதியைச் சோதித்து, பழையதுதான் என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒரு புத்தகத்துக்கு இதைவிடப் பெரிய பாராட்டு எங்கே கிடைக்கும்?

அந்தத் துல்லியத்துக்கு ஒரே ஒரு உதாரணம். 1923-இன் பணவீக்கத்தைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். தள்ளுவண்டியில் நோட்டுக்கட்டு என்கிற படத்தை நாம் எல்லோரும் பள்ளிப் பாடத்திலேயே பார்த்தாயிற்று. ஹாஃப்னர் காட்டுவது வேறு. அப்பாவுக்குச் சம்பளம் வந்த உடனே முதலில் சுரங்க ரயிலுக்கு மாதச் சீட்டு வாங்கப்படும், வாடகை, பள்ளிக் கட்டணம் கட்டப்படும், எல்லோரும் முடிவெட்டிக்கொள்வார்கள். மறுநாள் விடிவதற்கு முன் அப்பாவைத் தவிரக் குடும்பமே டாக்ஸி பிடித்து மொத்தச் சந்தைக்குப் போகும். ஒரு மணி நேரத்தில் ஒரு உயர் அதிகாரியின் மாதச் சம்பளம் முழுக்க, கெட்டுப்போகாத உணவுப் பொருளாக மாறிவிடும். அதற்குப் பிறகு அடுத்த சம்பளம் வரை வீட்டில் காசே கிடையாது. அப்பா மட்டும் எதுவும் மாறாதது போல அலுவலகம் போய்வருவார். நேர்மையாக வேலை செய்தால் மாதக் கடைசியில் ஒரு மரியாதை மிஞ்சும் என்ற நம்பிக்கை ஒரு வகுப்பிடமிருந்து எப்படிப் பறிபோனது என்பதை எந்தப் புள்ளிவிவரமும் இப்படிச் சொல்லிவிடாது.

சரி, சண்டை எங்கே?

ஹாஃப்னர் காட்சியோடு நிற்பதில்லை, காரணமும் சொல்கிறார். அவர் தலைமுறை, அதாவது 1900-க்கும் 1910-க்கும் இடையே பிறந்தவர்கள், முதல் உலகப் போரை முன்னணியில் அனுபவித்தவர்கள் இல்லை. பள்ளிச் சிறுவர்களாக, தினமும் ஒட்டப்படும் ராணுவ அறிக்கையைப் படித்து, கைதிகள் எத்தனை, பிடித்த இடம் எவ்வளவு என்று கிரிக்கெட் ஸ்கோர் போலக் கணக்கு வைத்தவர்கள். போரை விளையாட்டாகப் பார்த்த இந்தக் குழந்தைகள்தான் நாஜிசத்தின் வேர் என்கிறார். அது நல்ல வாதம், எனக்கு அதில் பெரிய தகராறு இல்லை. அடுத்த படிதான் இடிக்கிறது. ஜெர்மானியர்களுக்குத் தனி வாழ்க்கையை வாழத் தெரியவில்லை, 1924-க்குப் பிறகு ஸ்ட்ரெஸமான் காலத்தில் கிடைத்த அமைதியை என்ன செய்வதென்று தெரியாமல் சலித்துப்போனார்கள், பொது உணர்ச்சிக்காக ஏங்கினார்கள், கடைசியில் 1933 மார்ச்சில் ஒரு தேசமே நரம்புத் தளர்ச்சிக்கு ஆளாகி விழுந்தது என்று கொண்டுபோகிறார். அதாவது, கோளாறு தேசத்தின் குணத்தில்.

இதைப் படிக்கும்போது சுகமாக இருக்கிறது. அந்தச் சுகம்தான் எனக்குச் சந்தேகம். குணத்தில் கோளாறு என்றால் அது அவர்கள் ஊர் வியாதி, நமக்கு வராது. அதைவிட முக்கியமான சிக்கல், அவரே தருகிற கணக்கு இதற்கு ஒத்துவரவில்லை என்பது. 1933 மார்ச் 5 தேர்தலில், ஹிட்லர் ஏற்கெனவே சான்சலர், தெருவில் பழுப்புச் சட்டைக்காரர்களுக்கே போலீஸ் அதிகாரம், கம்யூனிஸ்டுத் தலைவர்கள் சிறையில். அந்த நிலையிலும் நாஜிகளுக்குக் கிடைத்தது 43.9 சதவீதம். 56 சதவீதம் பேர் வேறு யாருக்கோ ஓட்டுப் போட்டார்கள். ஹாஃப்னருக்கும் இது தெரியும், இந்த 56 சதவீதத்தைக் கைவிட்டு ஓடிய தலைவர்களைக் காய்ச்சியும் எடுக்கிறார். பிரஷ்யாவின் முதலமைச்சராக இருந்த ஒட்டோ பிரவுன் தேர்தலுக்கு முந்தின நாள் சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார். ஆனால் அந்த இழையைப் பிடித்துக்கொண்டு போகாமல், மறுபடி நரம்புத் தளர்ச்சிக்கே திரும்பிவிடுகிறார்.

இந்த இடத்தில் இன்னொரு பழக்கமான வாக்கியத்தையும் தீர்த்துவிடலாம். 'ஹிட்லரும் ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்தானே?' எந்த அரசியல் விவாதத்திலும் பத்தாவது நிமிஷத்தில் யாராவது ஒருத்தர் இதைச் சொல்லிவிடுவார். பாதிதான் சரி. நாஜிக் கட்சி சுதந்திரமான எந்தத் தேர்தலிலும் பெரும்பான்மை பெறவில்லை. உச்சம் 1932 ஜூலையில் 37 சதவீதம். அதே வருஷம் நவம்பரில் 33 ஆகச் சரிந்து, 20 லட்சம் ஓட்டுகள் போய், கட்சி கடனில் தத்தளித்தது. 1933 ஜனவரி 30 அன்று அவரைச் சான்சலர் நாற்காலியில் உட்கார வைத்தது வாக்காளர் இல்லை. குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்கும், அவர் காதில் ஓதிய பாப்பன் போன்ற பழமைவாதிகளும். அமைச்சரவையில் ஹிட்லரோடு சேர்த்து நாஜிகள் மூன்றே பேர்தான், நாம் கட்டி மேய்த்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு.

அந்த மூன்று பேரில் ஒருவர் கோரிங். அவருக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பைக் கவனியுங்கள்: பிரஷ்யாவின் உள்துறை. அந்தப் பொறுப்பு காலியாக, கொடுக்கிற நிலையில் எப்படி இருந்தது? அங்கே ஒரு மாநில அரசு இருந்திருக்க வேண்டுமே? ஹாஃப்னரின் புத்தகத்தில் எடை விழாத இடம் இதுதான். எனக்கு மொத்தக் கதையின் அச்சாணியும் இதுதான்.

பின்னால் போவோம். வைமர் அரசியல் சட்டத்தின் 48-ஆம் பிரிவு, பொது ஒழுங்குக்கு ஆபத்து என்றால் குடியரசுத் தலைவர் ஆணை மூலம் ஆளலாம், அடிப்படை உரிமைகளைத் தற்காலிகமாக நிறுத்தலாம் என்று சொன்னது. முதல் தலைவர் எபெர்ட், சமூக ஜனநாயகவாதி, குடியரசைக் காப்பாற்றவே இதை 130 தடவைக்கு மேல் பயன்படுத்தினார். 1930-இல் சான்சலர் புரூனிங், நாடாளுமன்றம் நிராகரித்த நிதித் திட்டத்தை இதே பிரிவின் கீழ் ஆணையாகக் கொண்டுவந்தார். எதிர்த்தபோது நாடாளுமன்றத்தையே கலைத்தார். அதற்குப் பிறகு வந்த தேர்தலில் நாஜிகள் 12 இடத்திலிருந்து 107-க்குத் தாவினார்கள். 1931-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்கள் 34, அவசர ஆணைகள் 44. 1932-இல் நாடாளுமன்றச் சட்டங்கள் ஐந்தே ஐந்து. முழுச் சர்வாதிகாரத்தைத் தடுக்க அரைச் சர்வாதிகாரம் என்பதுதான் புரூனிங்கின் முறை, அது ஊரைப் பழக்கப்படுத்திவிட்டது என்று ஹாஃப்னரே சொல்கிறார். அற்புதமான கவனிப்பு. சமூக ஜனநாயகக் கட்சியும், இவர் போனால் இன்னும் மோசமானவர் வருவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவரைப் பொறுத்துக்கொண்டது.

அப்படிப் பொறுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் பிரஷ்யா. ஜெர்மனியின் நிலப்பரப்பிலும் மக்கள்தொகையிலும் ஐந்தில் மூன்று பங்கு அந்த ஒரே மாநிலம். அது பிரவுன் தலைமையில் சமூக ஜனநாயகவாதிகள், கத்தோலிக்க மையக் கட்சி, தாராளவாதிகள் கூட்டணியின் கையில் இருந்தது. நாட்டின் மிகப் பெரிய காவல்படை அதனிடம். மத்தியில் யார் இருந்தாலும் பிரஷ்யா இருக்கும்வரை குடியரசுக்கு முதுகெலும்பு உண்டு என்று நம்பினார்கள். தப்பான நம்பிக்கையும் இல்லை. 1932 ஏப்ரல் தேர்தலில் கூட்டணி பெரும்பான்மையை இழந்தது. வேறு யாருக்கும் பெரும்பான்மை இல்லாததால் காபந்து அரசாகத் தொடர்ந்தது.

ஜூலை 17 அன்று ஹாம்பர்கை ஒட்டிய ஆல்டோனாவில், கம்யூனிஸ்டுகளின் கோட்டையான தெருக்களில் நாஜிகள் ஊர்வலம் போனார்கள். மோதலில் 18 பேர் செத்தார்கள், பெரும்பாலும் போலீஸ் குண்டுக்கு. மூன்று நாள் கழித்து, ஜூலை 20 அன்று, அப்போது சான்சலராக இருந்த பாப்பன், சட்டம் ஒழுங்கு கெட்டுவிட்டது என்று 48-ஆம் பிரிவின் கீழ் பிரஷ்ய அரசை நீக்கி, தானே ஆணையராக உட்கார்ந்துகொண்டார். 356 என்ற எண்ணைக் கேட்டே வளர்ந்த நமக்கு இந்தக் காட்சி சட்டென்று புரியும். பெர்லினில் ராணுவச் சட்டம். உள்துறை அமைச்சர் செவெரிங், பலவந்தம் செய்தால்தான் இறங்குவேன் என்றார். அன்று மாலையே பலவந்தம் வந்தது: புதிய காவல் ஆணையரும் கூட இரண்டு அதிகாரிகளும். செவெரிங் அறையைக் காலி செய்தார். பெர்லின் காவல்துறைத் தலைவர் கிர்ஸெசின்ஸ்கி, துணைத் தலைவர் பெர்ன்ஹார்ட் வைஸ், படைத் தலைவர் ஹைமன்ஸ்பெர்க் மூவரும் கைதாகி, பதவியைத் தொடர்வதில்லை என்று கையெழுத்துப் போட்டதும் விடப்பட்டார்கள். வைஸ் யூதர், கோயபெல்ஸ் வருஷக்கணக்காகத் தன் பத்திரிகையில் இனப்பெயர் வைத்துக் கேலி செய்துவந்த மனிதர்.

ஒரு குண்டு வெடிக்கவில்லை. 1920-இல் காப் என்பவர் ஆட்சியைப் பிடிக்க வந்தபோது பொது வேலைநிறுத்தம் செய்து நான்கே நாளில் விரட்டிய அதே தொழிலாளர் இயக்கம் இப்போது அசையவில்லை. 60 லட்சம் பேர் வேலையில்லாமல் இருக்கும்போது யார் வேலைநிறுத்தம் செய்வது, வெளியே வரிசையில் நிற்பவன் உள்ளே வந்துவிடமாட்டானா என்று பயந்தார்கள். ராணுவத்தை எதிர்த்துப் போலீஸை இறக்கினால் ரத்த ஆறு ஓடும் என்றார்கள். இந்தக் காரணங்கள் எல்லாம் நியாயமானவை. நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் வேறு மாதிரி முடிவெடுத்திருப்பேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவர்கள் தேர்ந்தெடுத்த வழி வழக்குப் போடுவது.

வழக்கு லைப்சிக் நகரில், மாநிலத்துக்கும் மத்திக்கும் இடையிலான தகராறுகளை விசாரிக்கும் நீதிமன்றத்தில் நடந்தது. பிரஷ்யத் தரப்பில் வாதாடியவர்களில் ஹெர்மான் ஹெல்லர் ஒருவர். மத்திய அரசுக்காக வந்தவர்களில் கார்ல் ஷ்மிட் ஒருவர். சட்டத் தத்துவம் படிப்பவர்களுக்கு இந்தப் பெயர்கள் போதும். அக்டோபர் 25 அன்று தீர்ப்பு. பிரஷ்ய அரசு தன் கடமையில் தவறவில்லை. ஆகவே அது இன்னும் அரசுதான், மாநிலங்களின் அவையில் பிரஷ்யாவின் பிரதிநிதியும் அதுதான். ஆனால் அதிகாரத்தைத் தற்காலிகமாக ஆணையர் வைத்துக்கொள்ளலாம். ஆளுக்குப் பாதி. பிரவுனுக்குப் பதவியின் பெயர், பாப்பனுக்குப் போலீஸ். வழக்கறிஞர்கள் இரு தரப்பிலும் வெற்றி என்று சொல்லிக்கொள்ள இடம் இருந்தது.

மூன்று மாதத்தில் அந்தப் 'பாதி' கோரிங் கைக்கு வந்தது. பிப்ரவரி 17 அன்று, ஆயுதத்தைப் பயன்படுத்தும் போலீஸ்காரருக்கு முழுப் பாதுகாப்பு உண்டு, தயங்குபவருக்குத்தான் நடவடிக்கை என்று ஆணையிட்டார். பிப்ரவரி 22-இல் எஸ்.ஏ., எஸ்.எஸ்., எஃகுத் தொப்பி அமைப்பு மூன்றிலிருந்தும் 50,000 பேர் துணைப் போலீஸாக்கப்பட்டார்கள். கையில் ஒரு வெள்ளைப் பட்டி, அவ்வளவுதான் வித்தியாசம். 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. 28-ஆம் தேதி வந்த ஆணை பேச்சு, பத்திரிகை, கூட்டம், சங்கம், வீடு, கடிதம், சொத்து என்று ஏழு பிரிவுகளின் உரிமைகளை மறு அறிவிப்பு வரும்வரை நிறுத்தியது. மறு அறிவிப்பு 1945 வரை வரவில்லை. மார்ச் 23 அன்று அதிகாரமளிப்புச் சட்டம், ஆதரவு 444, எதிர்ப்பு 94. எதிர்த்தது சமூக ஜனநாயகவாதிகள் மட்டும். கம்யூனிஸ்டு உறுப்பினர்கள் 81 பேரில் ஒருவர்கூட உள்ளே இல்லை. இவை எல்லாம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, நீட்டவில்லை.

இப்போது அந்த நூலகத்துக்குத் திரும்பி வாருங்கள். பழுப்புச் சட்டைக்காரன் வந்து நிற்கிறான். ஒரு நீதிமன்றத்துக்குள் ரவுடி புகுந்தால் என்ன செய்வோம்? போலீஸைக் கூப்பிடுவோம். வந்து நிற்பவன் ஒரு மாதமாகப் போலீஸ். அவனை அதிகாரத்தில் வைத்தவர் மாநில உள்துறையைக் கையில் வைத்திருப்பவர். அவரை அங்கே உட்கார வைக்க வழிவிட்டது ஒரு நீதிமன்றத் தீர்ப்பு. அந்த மேசையில் உட்கார்ந்திருந்த 25 வயது இளைஞன் மேலே எங்கே பார்த்தாலும் ஒவ்வொரு படியும் ஒவ்வொரு தேதியில், முறையான முத்திரையோடு அகற்றப்பட்டிருக்கிறது. அவனுடைய 'ஆமாம்' குணக்கேடு இல்லை. தனக்கு மேலே இருக்கும் ஒருவர் இதைப் பார்த்துக்கொள்வார் என்று எட்டு மாதமாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்ததன் கடைசிக் கண்ணி அவன். ஹாஃப்னர் தன்னை இவ்வளவு கடுமையாகத் தண்டித்துக்கொள்வதில் ஒரு நேர்மை இருக்கிறது. ஆனால் அதே கடுமையைச் செவெரிங்கின் அறைக்கும் லைப்சிக்கின் தீர்ப்புக்கும் கொடுத்திருந்தால் புத்தகம் இன்னும் உயர்ந்திருக்கும்.

இந்த நீதிமன்றத்துக்கு ஒரு பழம்பெருமை உண்டு. 1779-இல் ஆலைக்காரர் ஆர்னால்டின் வழக்கில், மன்னர் இரண்டாம் பிரெடரிக் தீர்ப்பை மாற்றச் சொன்னபோது மறுத்துச் சிறைக்குப் போனவர்கள் இதன் நீதிபதிகள். 1933-இல் என்ன நடந்தது என்று ஹாஃப்னர் சொல்கிறார். அவர் பயிற்சி பெற்ற அமர்வில் இருந்த யூத நீதிபதியை எங்கோ அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் ஒரு இளம் நீதிபதி வந்தார், எஸ்.எஸ்.-இல் பெரிய ஆள் என்று பேச்சு. சட்டம் தெரியாது, குரல் மட்டும் பெரியது. வயதில் மூத்த நீதிபதிகள், ஒரு காலத்தில் மாணவனின் தாளில் சிறு பிழையைக்கூட விடாதவர்கள், அந்தப் பையனிடம் குனிந்து, கெஞ்சாத குறையாக, சட்டப் பிரிவை எடுத்துச் சொல்வார்கள். அவர்கள் கோழைகள் என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம்தான். ஆனால் அப்படிக் குனிவதன் மூலம் ஏதோ சில தீர்ப்புகளையாவது காப்பாற்றுகிறோம் என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். அந்த நம்பிக்கைதான் இயந்திரத்தை ஓட வைத்தது.

இன ஒடுக்குமுறை எப்படி ஆரம்பித்தது என்பதும் இதே பாதைதான். கடை உடைப்பும் தெரு அடியும் ஒரு பக்கம் இருக்க, நிலைத்து நின்றது ஒரு படிவம். ஏப்ரல் 1 யூதக் கடைகளைப் புறக்கணிக்கும் நாள். அதற்கு ஆறு நாள் கழித்து, ஏப்ரல் 7 அன்று வந்த சட்டத்தின் பெயர் 'தொழில்முறை அரசுப் பணியை மீட்டமைக்கும் சட்டம்'. பெயரைப் பாருங்கள், ஏதோ நிர்வாகச் சீர்திருத்தம் மாதிரி! அதன் 3-ஆம் பிரிவு, ஆரியர் அல்லாத அரசு ஊழியர்களை ஓய்வில் அனுப்பச் சொன்னது. நான்கு நாள் கழித்து விதி வந்தது: தாத்தா பாட்டி நால்வரில் ஒருவர் யூதராக இருந்தாலே போதும். அதுவரை ஜெர்மன் அரசின் எந்த அலுவலகமும் ஒரு குமாஸ்தாவிடம் உன் பாட்டி எந்த மதம் என்று கேட்டதில்லை. இப்போது கோப்பு கேட்டது. மொத்த மக்கள்தொகையில் ஒரு சதவீதம்கூட இல்லாத, சுமார் ஐந்து லட்சம் பேரைப் பிரித்தெடுக்க, மற்ற எல்லோரும் ஞானஸ்நானப் பதிவேட்டின் நகலுக்காகத் தேவாலயத்தில் வரிசையில் நின்றார்கள்.

சட்டத்தில் விதிவிலக்குகள் இருந்தன. ஹிண்டன்பர்க் கேட்டு வாங்கியவை: போர்முனையில் இருந்தவர், 1914 ஆகஸ்டுக்கு முன்பே பணியில் இருந்தவர், போரில் தந்தையையோ மகனையோ இழந்தவர் தொடரலாம். சுமார் ஒரு லட்சம் ஜெர்மன் யூதர்கள் முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகப் போரிட்டவர்கள், 12,000 பேர் மடிந்தவர்கள். ஆகவே விதிவிலக்கில் அடங்கியவர்கள் நாஜிகள் நினைத்ததைவிட அதிகம். அப்பாடா என்று மூச்சுவிட்டவர்கள் உண்டு. கிழவர் அவ்வளவு மோசமில்லை என்று பேசிக்கொண்டவர்களும் உண்டு. எனக்கு இந்தச் சட்டத்தின் கொடூரமான பகுதி இந்த விதிவிலக்குதான். தன் பதக்கத்தையும் மகனின் இறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போய் நிற்கும் மனிதர், அந்தக் கேள்வியைக் கேட்க அரசுக்கு உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டுதான் உள்ளே நுழைகிறார். அவருடைய சக ஊழியர்களோ, நியாயமான ஆட்களை விட்டுவிட்டார்களே என்று மனசாட்சியைத் தூங்க வைத்துக்கொள்கிறார்கள். 1935-இல் நியூரம்பெர்க் சட்டங்கள் வந்ததும் விதிவிலக்குகள் போயின. படிவம் தங்கிவிட்டது.

ஹாஃப்னரின் அப்பாவுக்கும் ஒரு படிவம் வந்தது. ஓய்வுபெற்ற மனிதர். எந்தெந்தக் கட்சியில், சங்கத்தில் இருந்தீர்கள், இந்த அரசை முழுமனதோடு ஆதரிக்கிறீர்களா, கையெழுத்திடவும். இல்லையென்றால் ஓய்வூதியம் போகும். நாட்கணக்கில் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பூர்த்தி செய்து, மனம் மாறுவதற்குள் தபாலில் போட்டார். அன்றிலிருந்து அவர் வயிறு எதையும் ஏற்க மறுத்தது; வாந்தி. இரண்டு வருஷத்தில் இறந்தார். புத்தகத்தில் என்னை மிகவும் உலுக்கிய பக்கங்கள் இவை. தேசத்தின் நரம்புத் தளர்ச்சி என்கிற கோட்பாட்டைவிட ஒரு கிழவரின் இந்த வயிறு எவ்வளவோ அதிகம் சொல்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு என் வாதத்தில் ஒரு ஓட்டை இருப்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சட்டமும் தீர்ப்பும் படிவமும் கதவு எப்படித் திறந்தது என்று சொல்லும். நூலகத்தில் இரண்டு மூன்று பேர் ஏன் சிரித்தார்கள் என்று சொல்லாது. அந்தச் சிரிப்புக்கு எந்த ஆணையும் தேவைப்படவில்லை. அங்கே ஹாஃப்னர் என்னைவிடக் கூர்மையாகப் பார்க்கிறார். அதிலும் 1933 இலையுதிர் காலத்தில் யூட்டர்போக் முகாமுக்குப் போகும் பகுதி. சட்டத் தேர்வு எழுதுபவர்கள் எல்லோரும் கட்டாயம் போக வேண்டிய முகாம். கையில் ஸ்வஸ்திகா பட்டி, கொடிக்குப் பின்னால் அணிவகுப்பு, பாட்டு. பெர்லினில் எஸ்.ஏ. ஊர்வலம் வந்தால் கொடிக்குக் கை உயர்த்தாமல் தப்பிக்க ஏதாவது ஒரு வீட்டு வாசலுக்குள் ஒதுங்குவது அவர் பழக்கம். இப்போது அவரே நடக்கிறார், தெருவில் யாரோ வீட்டு வாசலுக்குள் ஒதுங்குகிறார்கள். அவரைப் பார்த்து. உள்ளுக்குள் நான் இது இல்லை என்று சொல்லிக்கொள்வதால் ஒதுங்குகிறவருக்கு என்ன பயன்? கூடவே, அந்த முகாமின் தோழமை தனக்குப் பிடித்துப்போனது என்பதையும் அவர் மறைக்கவில்லை. நல்ல தோழர்கள், யாரும் கெட்டவர்கள் இல்லை, அதனால்தான் யாரும் தனியாக எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

வேறு விதமாக நடந்துகொண்டவர்கள் இருந்தார்களா? நூலகச் சம்பவம் நடந்த அதே இரவு ஹாஃப்னரும் காதலியும் 'கட்டகொம்பே' என்ற சிறிய அரங்குக்குப் போனார்கள். அங்கே வெர்னர் ஃபிங்க் என்ற நகைச்சுவைக் கலைஞர், ஆட்சியைப் பெயர் சொல்லாமலேயே கிழித்துக்கொண்டிருந்தார். உயர் நீதிமன்றம் தவறவிட்ட மானத்தை ஒரு கோமாளி காப்பாற்றினார் என்கிற மாதிரி ஹாஃப்னர் நினைக்கிறார். 1935-இல் அரங்கை மூடி ஃபிங்கை வதைமுகாமில் போட்டார்கள். ஆக, கலைஞருக்கு விலை இருந்தது. நீதிபதிகளுக்கு? லோதார் க்ரைஸிக் என்ற காப்பாளர் வழக்கு நீதிபதி, 1940-இல் மனநோயாளிகள் கொல்லப்படுவதை அறிந்து எழுத்துமூலம் எதிர்த்தார், பொறுப்பானவர் மீது கொலைப் புகாரும் கொடுத்தார். அவருக்குக் கிடைத்தது ஓய்வூதியத்தோடு கட்டாய ஓய்வு. தோட்டம் போட்டுக்கொண்டு 1986 வரை வாழ்ந்தார். இப்படிச் செய்தவராக வரலாறு குறித்துவைத்திருக்கும் ஜெர்மன் நீதிபதி அநேகமாக இவர் ஒருவர்தான். அந்த மூத்த நீதிபதிகள் எதற்குப் பயந்து குனிந்தார்கள் என்று யோசிக்கும்போதெல்லாம் இந்த ஓய்வூதியம் நினைவுக்கு வந்து தொந்தரவு செய்கிறது.

படிக்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். யூட்டர்போக் பகுதி 2000-இல் வந்த முதல் ஜெர்மன் பதிப்பில் கிடையாது. அந்தத் தாள்கள் பிறகுதான் கிடைத்து, அடுத்து வந்த பதிப்புகளில் சேர்க்கப்பட்டன. பழைய பிரதி கையில் வந்தால், கடைசி அத்தியாயத்தில் முகாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.